எந்தத் தேதியிலிருந்து கர்னல்? ராணுவப் பதவி உயர்வில் தேதிக்காக நடக்கும் வழக்குகள்

ஓர் அதிகாரியின் தோளில் புதிய நட்சத்திரம் ஏறுவதை ஊரே பார்க்கிறது. அந்தப் பதவி எந்தத் தேதியிலிருந்து அவருடையதாகக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைக் கவனிப்பவர்கள் அவரும், அவரோடு ஒரே காலத்தில் அதிகாரியான பேட்ச்காரர்களும், படைக்குள் 'எம்எஸ் பிராஞ்ச்' என்று அழைக்கப்படும் ராணுவச் செயலர் கிளையும்தான். பாதுகாப்பு அமைச்சகத்தின் பதவி உயர்வு அறிவிக்கைகள் இந்திய அரசிதழில் வெளியாகும்போது, பெயருக்கும் பதவிக்கும் அருகில் அந்தத் தேதியும் அச்சாகிவிடும். அதை ஏற்காத அதிகாரிகள் முறையீட்டில் தொடங்கி, ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்று, சில சமயம் உச்ச நீதிமன்றம் வரை போகிறார்கள். பதவி கிடைத்த பிறகும் ஏன் வழக்கு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் அடுத்த பதவி, ஓய்வுபெறும் வயது, யாருக்கு யார் மூத்தவர் என்ற வரிசை ஆகிய அனைத்தும் அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

இந்தியத் தரைப்படையில் பதவி உயர்வு இரண்டு வழிகளில் வருகிறது. லெப்டினன்ட் கர்னல் வரையிலான ஏற்றம் பணிக்காலத்தைப் பொறுத்தது. 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, இரண்டு ஆண்டுகளில் கேப்டன், ஆறு ஆண்டுகளில் மேஜர், பதின்மூன்று ஆண்டுகளில் லெப்டினன்ட் கர்னல். இங்கே தேதி பெரும்பாலும் கணக்குப் பாடம்தான்: கமிஷன் பெற்ற, அதாவது அதிகாரியாக நியமனம் ஆன, நாளிலிருந்து ஆண்டுகளைக் கூட்டினால் விடை வந்துவிடும். தகராறு எழுவது, கூட்டலைத் தொடங்கும் இடம் எது என்பதில்தான். மருத்துவப் பட்டமேற்படிப்பு போன்ற தகுதிகளுக்காகச் சிலருக்குப் பணிமூப்பு முன்தேதியிட்டு வழங்கப்படும். மறுபுறம், மேஜர் பதவிக்கு உரிய 'பார்ட் பி' தேர்விலும், லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு உரிய 'பார்ட் டி' தேர்விலும் தேறாதவரின் உயர்வு தள்ளிப்போகும். ராணுவ நீதிமன்றம் தண்டனையாகப் பணிமூப்பைப் பறிக்கவும் ராணுவச் சட்டம் இடம் தருகிறது. இவற்றில் ஒன்று தவறாகப் பதிவானாலும், பின்னால் வரும் தேதிகள் எல்லாம் அதே அளவுக்கு நகர்ந்துவிடும்.

உண்மையான சிக்கல் கர்னல் பதவியில் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே செல்வது தேர்வு வாரியங்கள் மூலம்: கர்னலுக்கு மூன்றாம் எண் வாரியம், பிரிகேடியருக்கு இரண்டாம் எண் வாரியம், மேஜர் ஜெனரலுக்கு முதல் எண் வாரியம், லெப்டினன்ட் ஜெனரலுக்குச் சிறப்பு வாரியம். ஒரு பேட்ச் முழுவதும் சேர்ந்து முதன்முறை பரிசீலிக்கப்படுவதை 'ஃப்ரெஷ் கேஸ்' என்பார்கள். அதில் தேறாதவருக்கு முதல் மறுபரிசீலனையும் இறுதி மறுபரிசீலனையும் உண்டு. மறுபரிசீலனையில் தேறியவர் தன்னுடைய பேட்சோடு நிற்க முடியாது, அடுத்த பேட்சோடு சேர்ந்துகொள்கிறார். பதவி கிடைத்தது, ஆனால் ஓராண்டு போய்விட்டது. இதற்கு மாறாக, ரகசிய அறிக்கை ஒன்றில் மேலதிகாரி எழுதிய பாதகமான மதிப்பீடு முறையீட்டின் பேரில் நீக்கப்பட்டு, அதனால் சிறப்பு மறுபரிசீலனை நடந்து, அதில் தேறினால் பழைய பேட்சிலேயே பணிமூப்பு நிற்கும். ஆகவே ரகசிய அறிக்கை குறித்த வழக்குகளில் பலவும் உள்ளுக்குள் தேதி வழக்குகளே.

தேறிய பிறகும் காத்திருப்பு முடிவதில்லை. வாரியம் கூடிய நாள் ஒன்று, அதன் முடிவுக்கு ஒப்புதல் கிடைத்த நாள் ஒன்று, காலியிடம் உண்டான நாள் ஒன்று, அதிகாரி புதிய பணியிடத்தில் சேர்ந்து பதவியை அணிந்துகொண்ட நாள் ஒன்று. இந்த நான்கும் ஒரே நாளில் அமைவது அபூர்வம். பட்டியலில் பெயர் வந்தும் மாதக்கணக்கில் பழைய பட்டையோடு இருப்பவர்கள் உண்டு. காலியிடம் உண்டான நாளையே தன் தேதியாகக் கேட்கிறார் அதிகாரி. பதவியை அணிந்த நாளைத்தான் அரசு தர முன்வருகிறது. நீதிமன்றத்துக்கு வரும் சச்சரவுகளில் பல இந்த இரண்டு நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தைப் பற்றியவை.

பணம் இதில் சிறிய பகுதிதான். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் லெப்டினன்ட் கர்னலின் தொடக்க ஊதியம் மாதம் 1,21,200 ரூபாய், கர்னலுக்கு 1,30,600. ஓராண்டு பின்தள்ளப்பட்டால் ஏற்படும் அடிப்படை ஊதிய இழப்பை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிடலாம். காகிதத்தில் எழுதிப் பார்க்க முடியாத இழப்பு ஓய்வு வயதில் இருக்கிறது. கர்னல் 54 வயதில் ஓய்வுபெறுகிறார், பிரிகேடியர் 56இல், மேஜர் ஜெனரல் 58இல், லெப்டினன்ட் ஜெனரல் 60இல். அடுத்த பதவிக்கான வாரியம் கூடும்போது ஒருவர் பணியில் இருக்க வேண்டும். அதற்குள் பிறந்தநாள் முந்திக்கொண்டால், எவ்வளவு நல்ல ரகசிய அறிக்கைகள் இருந்தாலும் அவர் வாசலுக்கு வெளியேதான் நிற்பார். தேதிக்கு உள்ள இந்தச் சக்தியை நாடு முழுவதும் பார்த்தது 2012இல், அப்போதைய தரைப்படைத் தலைமைத் தளபதி வி.கே. சிங், தான் பிறந்தது 1950இலா 1951இலா என்ற கேள்வியோடு உச்ச நீதிமன்றம் சென்றபோது. அது பிறந்த தேதி பற்றிய வழக்கு, பதவி உயர்வுத் தேதி பற்றியது அல்ல. பிப்ரவரி 10 அன்று அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனாலும் ஓராண்டு வித்தியாசம், அடுத்தடுத்துத் தலைமைப் பொறுப்புக்கு யார் வருவார் என்ற வரிசையையே எப்படிப் பாதிக்கும் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது.

சட்டம் இந்தக் கேள்விக்குத் தரும் பொதுவான விடை அதிகாரிக்குச் சாதகமானது அல்ல. 1989இல் கே.கே. வதேரா வழக்கில் உச்ச நீதிமன்றம், காலியிடம் உண்டான நாளிலிருந்தோ பணியிடம் உருவாக்கப்பட்ட நாளிலிருந்தோ பதவி உயர்வு அமலுக்கு வர வேண்டும் என்று சொல்லும் சட்டமோ விதியோ எதையும் தாங்கள் அறியவில்லை என்றும், உயர்வு வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் அது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தவர்கள் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின், அதாவது டிஆர்டிஓவின், விஞ்ஞானிகள். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அவர்களுக்கு வழங்கியிருந்த முந்தைய தேதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த நிலைப்பாடு இன்றும் அசையவில்லை. 2024 ஜூலையில் பீகார் மின்வாரிய ஊழியர் தரம்தேவ் தாஸ் வழக்கிலும் அதுவே சொல்லப்பட்டது: பரிசீலிக்கப்படும் உரிமை அடிப்படை உரிமை, பதவி உயர்வே உரிமை அல்ல. அதே ஆண்டு நவம்பரில் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த அமல் சத்பதி வழக்கில், பரிந்துரை முன்பே கிடைத்திருந்தும் ஒப்புதல் ஓய்வுக்குப் பிறகு வந்ததால், கருத்தியலான, அதாவது கணக்கில் மட்டும் காட்டும், பதவி உயர்வுகூட மறுக்கப்பட்டது.

இந்தக் கடுமைக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒருவருக்கு முந்தைய தேதி கொடுத்தால் அந்த இடைவெளியில் பதவி பெற்ற அத்தனை பேருக்கும் மேலே அவர் உட்கார்ந்துவிடுவார், அவர்களில் யாரும் வழக்கில் இருக்க மாட்டார்கள். காலியிடம் உண்டான நாளெல்லாம் உயர்வு நாள் என்று ஆனால், நிர்வாகத்தில் எந்தப் பணிமூப்புப் பட்டியலும் நிலைத்து நிற்காது.

அப்படியானால் எப்போது நீதிமன்றம் தேதியை முந்தைய நாளுக்கு நகர்த்துகிறது? இதற்கு விடையும் டிஆர்டிஓவிலிருந்துதான் வருகிறது. மேஜர் ஜெனரல் எச்.எம். சிங் அந்த நிறுவனத்தில் பணியாற்றிய தரைப்படை அதிகாரி. 2007 ஜனவரி 1 அன்று லெப்டினன்ட் ஜெனரல் பதவியில் ஓர் இடம் காலியானது. தகுதியுள்ளவர்களில் மூத்தவர் அவர். அவர் ஓய்வுபெற வேண்டிய நாள் 2008 பிப்ரவரி 29. இடையில் பதினான்கு மாதங்கள் இருந்தும் அவருடைய பெயர் உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படவில்லை. ஓய்வு நாள் வந்தபோது அவருக்குப் பணி நீட்டிப்பு வழங்கப்பட்டது. நீட்டிப்பில் இருந்த காலத்தில் தேர்வு வாரியம் அவரைப் பரிந்துரைத்தது. பிறகு நியமனங்களுக்கான அமைச்சரவைக் குழு, அவர் நீட்டிப்பில் இருப்பவர் என்ற காரணத்தைக் காட்டி ஒப்புதல் தர மறுத்தது.

தாமதத்தைத் தானே உண்டாக்கிய அரசு அதே தாமதத்தைக் காரணமாக்கி உரிமையை மறுத்தது என்பதுதான் இதன் சாரம். 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அரசியல் சட்டத்தில் சமத்துவம் பேசும் 14, 16 ஆகிய பிரிவுகளின் கண்ணாடியில் பார்த்தது. காலியிடம் இருந்தது, தகுதி இருந்தது, பணிக்காலம் மிச்சம் இருந்தது. பரிசீலிக்கத் தவறியது அதிகாரியின் பிழை அல்ல. ஆகவே உரிய தேதியிலிருந்து அவருக்கு லெப்டினன்ட் ஜெனரல் பதவி வழங்கவும், அந்தப் பதவிக்கான ஓய்வு வயது வரை அவர் பணியில் இருந்ததாகவே கருதி, அந்தக் காலத்துக்கான ஊதியப் பலன்களையும் திருத்திய ஓய்வுப் பலன்களையும் கொடுக்கவும் உத்தரவிட்டது.

வதேரா வழக்கையும் எச்.எம். சிங் வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முரண்பாடு போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வழக்கில் விஞ்ஞானிகள் ஒரு பணியிடத்தின் தேதியைக் கேட்டார்கள். இரண்டாவதில் கேட்கப்பட்டது பரிசீலனையின் தேதி, அதாவது அரசு செய்திருக்க வேண்டிய ஒரு செயலின் தேதி. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுத நீதிமன்றம் தயங்கும். நடந்திருக்க வேண்டியதை நிர்வாகம் தடுத்துவிட்டது என்று காட்டினால் அந்தத் தயக்கம் குறையும். தேதி வழக்கில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை மனுதாரர் தன் கோப்பிலிருந்தே காட்ட முடிகிறதா என்பதில் தங்கியிருக்கிறது. காலியிடம் எப்போது உண்டானது, வாரியம் எப்போது கூடியிருக்க வேண்டும், தனக்கு அடுத்த இளையவர் எந்த நாளில் பதவி பெற்றார் என்ற மூன்று விவரங்களில் குறைந்தது ஒன்றாவது ஆவணமாகக் கையில் இல்லாமல், 'முன்பே கிடைத்திருக்க வேண்டும்' என்று மட்டும் சொல்லும் மனு நிற்பது கடினம்.

இளையவரின் தேதி என்பது குறிப்பாக வலுவான ஆதாரம். ஒழுங்கு நடவடிக்கையோ விசாரணையோ நிலுவையில் உள்ள அதிகாரியின் பதவி உயர்வு நிறுத்திவைக்கப்படும். படையில் இதற்கு 'டி.வி. பேன்', அதாவது ஒழுங்கு-கண்காணிப்புத் தடை, என்று பெயர். அரசுப் பணியாளர்களுக்குப் பொதுவாக இதே நிலையில் 'முத்திரையிட்ட உறை' முறை உண்டு. வாரியம் எடுத்த முடிவு உறைக்குள் காத்திருக்கும். 1991இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம், முழுமையாகக் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவருக்கு, அவருடைய இளையவர் உயர்ந்த நாளிலிருந்தே பதவி உயர்வின் பலன் சேர வேண்டும் என்றது. வேலை செய்யாத காலத்துக்குச் சம்பளம் இல்லை என்ற கொள்கையை, வேலை செய்யத் தயாராக இருந்தும் அதிகாரிகளால் தடுக்கப்பட்டவர் மீது சாதாரணமாகப் பிரயோகிக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பின் கருத்து. ஆனால் நிலுவைச் சம்பளம் எவ்வளவு என்பது வழக்கின் சூழலைப் பொறுத்தது என்று நீதிமன்றங்கள் பின்னர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆகவே தேதியை வென்ற பலர் பணத்தைப் பகுதியாகவோ, கருத்தியலான ஊதிய நிர்ணயமாக மட்டுமோ பெற்றிருக்கிறார்கள்.

2024 டிசம்பர் 9 அன்று வந்த லெப்டினன்ட் கர்னல் சுப்ரிதா சந்தேல் வழக்கின் தீர்ப்பு இந்த வரிசையில் தனியாகக் கவனிக்கத்தக்கது. இது நேரடியாகப் பதவி உயர்வு பற்றியது அல்ல, நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை பணியில் தொடரும் நியமனம், பற்றியது. இருந்தாலும் பதவி உயர்வுத் தேதிகள் எல்லாம் கமிஷன் தேதியிலிருந்தே கிளைப்பதால், விளைவு ஒன்றுதான். ராணுவப் பல் மருத்துவப் படையில் 2008 மார்ச்சில் குறுகிய காலப் பணியில் சேர்ந்தவர் அவர். நிரந்தர கமிஷனுக்கு மூன்று வாய்ப்புகள் இருந்தன. 2013இல் விதி திருத்தப்பட்டு வயது வரம்பு மாறியதால், மூன்றாவது வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமல் போனது. அவரைப் போலவே பாதிக்கப்பட்ட வேறு சிலர் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் டெல்லி முதன்மை அமர்வை அணுகி, 2014 ஜனவரி 22 அன்று நிவாரணம் பெற்றார்கள். வழக்கில் சேராத இவருக்கு அந்தப் பலன் நீட்டிக்கப்படவில்லை. லக்னோ அமர்வும் இவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாயும் கே.வி. விஸ்வநாதனும் கொண்ட அமர்வு அதை மாற்றியது. சியாச்சினிலும் பிற கடினமான நிலப்பரப்புகளிலும் எல்லையைக் காத்து நிற்கும் வீரர்களிடம், நீங்கள் சார்ந்து நிற்கும் தீர்ப்பு நீதிமன்றத்துக்கு வந்த சிலருக்கு மட்டுமே உரியது, ஆகவே உங்களுக்கு இல்லை என்று சொல்வது நியாயமாகுமா என்று அமர்வு கேட்டது. முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவு தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, 2014 தீர்ப்பால் பலன் அடைந்தவர்களுக்கு எந்த நாளிலிருந்து நிரந்தர கமிஷன் கிடைத்ததோ அதே நாளிலிருந்து அவருக்கும் வழங்கி, பணிமூப்பு, பதவி உயர்வு, நிலுவைத் தொகை உள்ளிட்ட எல்லாப் பலன்களையும் சேர்த்துக் கொடுக்க உத்தரவிட்டது. இங்கே தேதியை நீதிமன்றம் கற்பனையால் உருவாக்கவில்லை என்பது முக்கியம். சமமானவர்களுக்கு ஏற்கெனவே தரப்பட்ட தேதி கோப்பில் இருந்தது. அதையே எடுத்து இவர் பெயருக்கு எதிரே எழுதியது.

இதற்கு நேர் எதிரே நிற்பது காலதாமதம் பற்றிய சட்டம். 2008இன் தர்சேம் சிங் வழக்கு, உடல்நலக் குறைவால் 1983இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் கழித்து ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு வந்த ஒரு வீரரைப் பற்றியது. மாதாமாதம் தொடரும் அநீதி என்றால் தாமதத்துக்குப் பிறகும் நிவாரணம் உண்டு, நிலுவை மட்டும் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பணிமூப்பும் பதவி உயர்வும் மற்றவர்களின் நிலைபெற்ற உரிமைகளைத் தொடுபவை என்பதால், அவற்றில் தாமதம் கோரிக்கையையே செல்லாததாக்கிவிடும் என்றும் அதே தீர்ப்பு கோடு கிழித்தது. ஓய்வூதியக் கணக்கில் உள்ள பிழையைப் பத்தாண்டு கழித்தும் திருத்தலாம். பதவி உயர்வுத் தேதியை அப்படித் திருத்துவது மிகக் கடினம்.

சீருடைப் பணியில் இந்தக் கோடு ஒரு தனிச் சங்கடத்தை உண்டாக்குகிறது. மேலதிகாரியை எதிர்த்து உடனே வழக்குப் போடுவது படைப் பண்பாட்டில் நல்ல பெயர் வாங்கித் தராது. முதலில் வாய்மொழியாகச் சொல்லிப் பார்ப்பார்கள், பிறகு சாதாரண முறையீடு, அதற்குப் பிறகு ராணுவச் சட்டத்தின் 27ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசுக்குச் சட்டப்பூர்வ முறையீடு. இந்த உள்வழிகளை முடித்த பிறகே தீர்ப்பாயத்திடம் வரலாம் என்பது 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் பொதுவிதி. முறையீடு போட்டு ஆறு மாதங்களாகியும் பதில் இல்லையென்றால் காத்திருப்பு முடிந்ததாகக் கருதலாம். அதன் பிறகு, அல்லது இறுதி உத்தரவு வந்த பிறகு, இன்னும் ஆறு மாதங்களுக்குள் மனு போட வேண்டும். போதிய காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படலாம். எழுத்தில் இல்லாத பேச்சுவார்த்தைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பொறுமையாக இருந்தேன் என்பது படையில் நற்குணம். தீர்ப்பாயத்தில் அது எதிர்தரப்பின் வாதம். அரசிதழ் அறிவிக்கையில் தவறான தேதியைப் பார்த்த அதிகாரி, தேதியைக் குறிப்பிட்டு ஒரு முறையீட்டை எழுத்தில் பதிவுசெய்வது வழக்கு போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் புத்திசாலித்தனம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கிய இந்தத் தீர்ப்பாயத்துக்கு டெல்லியில் முதன்மை அமர்வும், சென்னை, கொச்சி, லக்னோ, சண்டிகர் உள்ளிட்ட இடங்களில் மண்டல அமர்வுகளும் இருக்கின்றன. ஓர் அமர்வில் நீதித்துறை உறுப்பினரும் படைப் பின்னணியிலிருந்து வந்த நிர்வாக உறுப்பினரும் சேர்ந்து அமர்கிறார்கள். தேதி வழக்குகளுக்கு இந்தச் சேர்க்கை உதவுகிறது, வாரியம், பேட்ச், மறுபரிசீலனை என்பதையெல்லாம் அடியிலிருந்து விளக்க வேண்டியதில்லை. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு, அதுவும் பொது முக்கியத்துவம் கொண்ட சட்டக் கேள்வி இருந்தால் என்ற குறுகிய வாசல்தான் சில காலம் இருந்தது. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில், தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை உயர் நீதிமன்றங்கள் தம் ரிட் அதிகாரத்தின் கீழ் ஆராயலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

வென்ற பிறகு என்ன கையில் வரும் என்பதையும் பார்க்க வேண்டும். பணிமூப்புப் பட்டியலில் இடம் மாறும், ஊதியம் மறுநிர்ணயமாகும், ஓய்வூதியம் உயரும். ஓய்வுபெற்றவருக்கு இவை போதும். பணியில் இருப்பவருக்கு இவை பாதிதான். பிரிகேடியர் பதவிக்கான வாரியம், கர்னலாக ஒருவர் படைப்பிரிவைத் தலைமை தாங்கிய காலத்தின் ரகசிய அறிக்கைகளைப் பார்க்கிறது. முன்தேதியிட்டு உயர்த்தப்பட்டவருக்கு அந்தக் காலத்தில் தலைமைப் பொறுப்பே இருந்ததில்லை, எனவே அறிக்கையும் இல்லை. நீதிமன்றம் தேதியைத் தரலாம், அந்தத் தேதியில் தொடங்கியிருக்க வேண்டிய அனுபவத்தைத் தர அதனிடம் வழி கிடையாது.

பெண் அதிகாரிகளின் வழக்கில் இந்தப் பிரச்சினை பெரிய அளவில் வெளிப்பட்டது. 2020 பிப்ரவரியில் பபிதா புனியா தீர்ப்பும், 2021 மார்ச்சில் நிதிஷா தீர்ப்பும் அவர்களுக்கு நிரந்தர கமிஷனின் கதவைத் திறந்தன. 1992 முதல் 2006 வரையிலான பேட்ச்களைச் சேர்ந்த 244 பெண் அதிகாரிகளை, 108 கர்னல் இடங்களுக்காகப் பரிசீலிக்கும் சிறப்பு வாரியம் 2023 ஜனவரியில்தான் கூடியது. மூத்த பேட்ச்களில் அவர்களுடைய ஆண் சகாக்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கர்னல் ஆகிவிட்டிருந்தார்கள். ஆண்களோடு சமப்படுத்துகிறோம் என்று சொல்லி, பெண்களின் ரகசிய அறிக்கைகளைப் பழைய ஒரு கட்-ஆஃப் தேதி வரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிந்தைய பணியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது ராணுவம். தேர்வாகாதவர்கள் மறுபடி நீதிமன்றம் வந்தார்கள். அந்தக் கட்-ஆஃப் தன்னிச்சையானது, ராணுவத்தின் சொந்தக் கொள்கைக்கே முரணானது என்று 2023 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர்களுக்காக வாரியத்தை மீண்டும் கூட்டுமாறு உத்தரவிட்டது.

தேதியை முந்தைய நாளுக்கு நகர்த்தினால் அறிக்கைகளையும் அந்தத் தேதியோடு நிறுத்த வேண்டுமா, அல்லது அதிகாரி உண்மையில் செய்த பணி முழுவதையும் பார்க்க வேண்டுமா என்பது அங்கே எழுந்த கேள்வி. கர்னல் பதவிக்கு அதற்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. இதே அதிகாரிகள் பிரிகேடியர் வாரியத்தின் முன்னால் வரும்போது, பேட்ச் பழையதாகவும் தலைமைக் காலம் குறுகியதாகவும் இருக்கும் அவர்களை யாரோடு ஒப்பிடுவது என்று அது மறுபடி எழும்.